விதியா, குத்தகையா? தோமஸ் ஹார்டியின் வாழ்வும் எழுத்தும்

ஆங்கில நாவல் இலக்கியத்தை வகுப்பறையிற் கற்பிப்போரிடம் தோமஸ் ஹார்டியைப் பற்றி வினவினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். அவர் விதிவாதி என்பர். வாழ்வில் நம்பிக்கை இழந்தவர் என்பர். மாணவரும் அதையே பரீட்சை விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுவர். ரெஸ் தன் திருமணத்துக்கு முன் எழுதிய கடிதம் கதவின் கீழாக நுழைந்து விரிப்பின் அடியில் மறைந்து போயிற்றே, அது விதி. குடும்பத்தின் ஒரே குதிரை தபால் வண்டி மோதி மாண்டதே, அதுவும் விதி. இவ்வாறு எண்ணிக்கொண்டே போகலாம். இந்த விளக்கத்தில் ஒரு பெரும் வசதி உண்டு. விதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அங்கே வேறெவரும் ஏறவேண்டியதில்லை.

ஹார்டியும் இதற்கு இடம் கொடுத்தே இருக்கிறார். 'ரெஸ்' நாவலின் முடிவில் தேவர்களின் தலைவனைக் குறித்து அவர் எழுதிய கசப்பான வாக்கியம் விமர்சகர் பலருக்கு வாய்ப்பாகிவிட்டது. ஆயினும் ஒரு நாவலாசிரியனின் தத்துவத்தை அவனுடைய கடைசி வாக்கியத்தில் மட்டும் தேடுவது சரியான முறையன்று. அவனுக்கு எது நன்றாகத் தெரியும் என்று முதலிற் கேட்கவேண்டும். ஹார்டிக்கு நன்றாகத் தெரிந்தது கட்டடம். 1856 முதல் 1872 வரை, பதினாறு ஆண்டுகள், அதுவே அவருடைய சீவனோபாயமாக இருந்தது. ஒரு சுவரை யார் எழுப்பினார், யாருடைய நிலத்தில் எழுப்பினார், எத்தனை காலம் அதனுள் வாழ அவருக்கு உரிமை உண்டு என்பன அவர் நாவல்களில் மீண்டும் மீண்டும் எழும் கேள்விகள். அவற்றை மனதிற்கொண்டு படித்தால், விதி என்று நாம் படித்துவந்தவற்றுட் பல வேறு பெயர் பெறும்.

1840 யூன் 2ஆம் திகதி, தென்மேற்கு இங்கிலாந்தின் டோர்செற் மாகாணத்தில் மேல் பொக்ஹாம்ப்ரன் என்னும் சிற்றூரில் ஹார்டி பிறந்தார். தந்தை கல்வேலை செய்யும் மேசன். கட்டட ஒப்பந்தங்களும் எடுத்து நடத்தியவர். தாய் யெமைமா திருமணத்துக்கு முன் பிறர் வீடுகளிற் பணிப்பெண்ணாக இருந்தவர். ஊர்த் தருமப் பணத்தில் உயிர்பிழைத்த குடும்பமொன்றில் வளர்ந்தவர். ஹார்டி பிறந்த வீட்டை, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அவருடைய பூட்டனார் மண்சுவர் எழுப்பி, வைக்கோல் வேய்ந்து கட்டினார். ஆனால் வீடு நின்ற நிலம் அவர்களுடையதன்று.

இங்கே 'ஆயுட்குத்தகை' என்னும் முறையைச் சற்று விளக்கவேண்டும். அதனை அறியாமல் ஹார்டியைப் படிப்பது அரைப் படிப்பே. நிலப்பிரபு ஒரு துண்டு நிலத்தை மூன்று பேருடைய ஆயுட்காலத்துக்குக் குத்தகைக்கு விடுவார். மூவரின் பெயரும் பத்திரத்தில் எழுதப்படும். அவர்களுள் ஒருவர் உயிரோடிருக்கும் வரை குடும்பம் சிறு தொகை செலுத்தி அங்கே வாழலாம். வீட்டைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. மூன்றாமவர் கண்ணை மூடியதும் நிலமும், அதன்மேல் நின்ற வீடும், நிலப்பிரபுவைச் சேர்ந்துவிடும். கட்டியவனின் பேரன் தெருவில் நிற்பான். ஒரு கிழவனின் மூச்சில் ஒரு குடும்பத்தின் கூரை தொங்கிக்கொண்டிருந்தது என்று இதனைச் சொன்னால் உவமையன்று. பத்திரத்தில் எழுதிய உண்மை.

அதே டோர்செற்றில்தான், ஹார்டி பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1834இல், ரொல்பட்டில் கிராமத்தின் கூலியாட்கள் அறுவர் கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் சேர்ந்தனர். சத்தியப்பிரமாணம் செய்தார்கள் என்ற குற்றத்துக்காக அவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். நாட்டுப்புற எழில் என்று நாம் புகழும் 'வெசெக்ஸ்' உலகின் நிலம் இது.

பதினாறாம் வயதில் ஹார்டி டோர்செஸ்ரர் நகரில் யோன் ஹிக்ஸ் என்னும் கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வேலைக்குமுன் விடியற்காலையில் எழுந்து இலத்தீனும் கிரேக்கமும் தாமாகப் படித்தார். பல்கலைக்கழகம் அவருக்கு எட்டவில்லை. 1862இல் இலண்டன் சென்று ஆதர் புளோம்பீல்ட் என்பவரிடம் வரைபடக்காரராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு, நிறச் செங்கல்லும் சுடுமண்ணும் பற்றிய கட்டுரைக்காகப் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது. கைதேர்ந்த தொழிலாளி என்பதில் ஐயமில்லை.

இலண்டன் வாழ்வில் இரண்டு காட்சிகள் குறிப்பிடத்தக்கவை. புளோம்பீல்டின் அலுவலகம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே, தொழிலாளருக்கு வாக்குரிமை கோரிய சீர்திருத்தக் கழகம் இயங்கிவந்தது. மேலே இருந்த இளம் வரைபடக்காரர்கள், கழகத்தாரின் தலைகளின் மேல் கிண்டல் எழுதிய காகிதத் துண்டுகளைக் கீழே இறக்கி வேடிக்கை பார்த்தனராம். மேசனின் மகன் மேல்தளத்தில் இருந்தான். தன் வாழ்வில் தான் நின்ற இடம் எது என்ற கேள்வி அவரை இறுதிவரை விடவில்லை.

மற்றது செயின்ற் பங்கிராஸ் இடுகாட்டுக் காட்சி. புகையிரதப் பாதை அமைப்பதற்காக அந்த ஏழைகளின் இடுகாடு தோண்டப்பட்டது. எலும்புகளை ஒழுங்காக அகற்றுகின்றனரா என்று மாலைதோறும் மேற்பார்வை செய்யும் பொறுப்பு ஹார்டிக்குக் கிடைத்தது. மறைப்புத் தட்டிகளின் பின்னே, விளக்கொளியில், சவப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒரு பெட்டியில் ஓர் எலும்புக்கூடும் இரண்டு மண்டையோடுகளும் இருந்தன என்று அவர் நினைவுகூர்கிறார். அங்கே கல்லறைக் கற்கள் வேரைச் சூழ்ந்து நிற்க, நெடுங்காலம் அவர் பெயரால் வழங்கிய மரம் 2022 டிசம்பரிற் சாய்ந்தது. மரத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு எப்படியாயினும், மூலதனம் தன் பாதைக்குக் குறுக்கே கிடக்கும் ஏழையைச் செத்த பின்னும் அப்புறப்படுத்தும் என்பதை அவர் கண்ணாற் கண்டவர்.

1867இல் ஊர் திரும்பி அவர் எழுதிய முதல் நாவல் 'ஏழையும் சீமாட்டியும்'. அதன் கதாநாயகன் கிராமத்து ஏழையின் மகன், கட்டடக் கலைஞன். அந்நாவல் சமதர்மச் சாய்வுடையதாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். வெளியீட்டாளர் மக்மில்லன் மறுத்தார். வேறொரு வெளியீட்டகத்துக்காகக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த எழுத்தாளர் ஜோர்ஜ் மெரெடித், மேல்வர்க்கத்தை இவ்வாறு நேருக்குநேர் தாக்கினால் எதிர்காலம் பாழாகும், கதைச்சுவையுள்ள வேறொன்றை எழுதுக என்று அறிவுரை கூறினார். ஹார்டி பணிந்தார். நாவல் அச்சேறவேயில்லை, பிரதியும் அழிந்தது. ஆங்கில இலக்கிய வரலாறுகள் இச்சம்பவத்தை ஓர் இளைஞனுக்குக் கிடைத்த நல்ல புத்தியாகவே எழுதிச் செல்கின்றன. நாம் அவ்வாறு எளிதிற் கடந்துவிட முடியாது. சொல்லவேண்டியதை நேரே சொல்லாமற் கதையின் சுவருக்குள் வைத்துப் பூசும் பழக்கம் இங்கேயே தொடங்குகிறது.

1870 மார்ச் மாதம் கோண்வோல் பகுதியில் செயின்ற் யூலியற் தேவாலயத்தைப் புதுப்பிக்க அளவெடுக்கச் சென்றபோது எம்மா கிபேட் என்னும் பெண்ணைச் சந்தித்தார். நான்கு ஆண்டுகளின் பின் மணந்தார். அச்சூழலிற் பிறந்த 'ஒரு சோடி நீலவிழிகள்' (1873) நாவலில் ஸ்ரீவன் ஸ்மித் என்ற இளம் கட்டடக் கலைஞனை மதகுருவின் வீடு முதலில் உபசரிக்கிறது. அவன் தந்தை பக்கத்துப் பிரபுவின் பண்ணையிலேயே மேசன் வேலை செய்பவர் என்று தெரிந்ததும் உபசாரம் நின்றுவிடுகிறது. வரைபடம் போடும் கைக்கும் கல் கொத்தும் கைக்கும் இடையே சமுதாயம் கிழித்த கோடு அது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஹார்டியின் சொந்தக் குடும்பமே நின்றது. இன்னொரு தகவல் ஆசிரியர்களுக்கு ஆர்வமூட்டலாம்: 1872இல் இலண்டன் பாடசாலைச் சபைக்காகப் பொதுமக்கள் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு வரைபடம் தயாரித்த கட்டடக் கலைஞரொருவரிடமும் அவர் சில காலம் உதவியாளராக இருந்தார். அதன்பின் எழுத்தே முழுநேரத் தொழிலாயிற்று.

கட்டடக் கலைஞரின் கண் நாவலாசிரியரின் கண்ணாக மாறிய இடத்தைக் காணவேண்டுமாயின் 1874இல் வெளிவந்த 'வெறியாரவாரத்துக்கு அப்பால்' நாவலிற் செம்மறிகளின் மயிர் கத்தரிக்கும் பெரிய களஞ்சியத்தைப் பற்றிய பகுதியைப் படித்தல் வேண்டும். நானூறு ஆண்டு பழமையான அக்களஞ்சியத்தை அவர் தேவாலயத்தோடும் கோட்டையோடும் ஒப்பிடுகிறார். கோட்டையின் பயன் ஒழிந்துபோயிற்று. தேவாலயத்தின் நம்பிக்கைகள் தேய்ந்துபோயின. களஞ்சியம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதே வேலை இன்றும் அதனுள் நடைபெறுகிறது. உழைப்பே அங்கே சமயமாகிறது. இத்தனை அழகாக உழைப்பின் கட்டடத்தைப் போற்றிய பக்கங்கள் ஆங்கில நாவலில் அரிது என்பது என் கருத்து.

தேவாலயங்களைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு குற்றவுணர்வும் இருந்தது. 'புதுப்பித்தல்' என்ற பெயரால் விக்ரோறியா காலத்துக் கலைஞர்கள் பழைய ஆலயங்களின் ஆசனங்களையும் இசைக்குழு மாடங்களையும் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெறிந்தனர். ஹிக்ஸின் அலுவலகத்தில் ஹார்டியும் அவ்வேலையிற் பங்கெடுத்தார். வில்லியம் மொறிஸ் 1877இல் தோற்றுவித்த புராதன கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தில் 1881இற் சேர்ந்த அவர், 1906இல் அச்சங்கத்துக்காக எழுதிய உரையில் தம் பழைய பாவங்களை ஒளிவின்றிப் பேசினார். ஒரு கட்டடத்தோடு ஒட்டியிருக்கும் மனித நினைவுகள் அதன் வடிவ அழகிலும் பெறுமதியானவை என்பது அவ்வுரையின் சாரம். (மொறிஸின் இந்த இயக்கத்துக்கும் நமது தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அச்சிட்டார்.)

இனி விதிக்கு வருவோம். 1887இல் வெளியான 'வனக்குடிகள்' நாவலில் கைல்ஸ் வின்ரபோண் என்னும் நல்லிளைஞனின் வீடுகள் யோன் சவுத் என்ற நோயாளிக் கிழவனின் ஆயுளோடு பிணைந்திருக்கின்றன. தன் வீட்டின் முன் நிற்கும் மரம் தன்மேல் விழப்போகிறது என்று கிழவன் அஞ்சுகிறான். மருத்துவர் மரத்தை வெட்டச் சொல்கிறார். மரம் விழுந்தது, அதிர்ச்சியிற் கிழவனும் இறந்தான். வீடுகள் நிலவுடைமைக்காரியான சார்மண்ட் அம்மையாரைச் சேர்ந்தன. விமர்சகர்கள் மரத்தைப் பார்த்து விதி என்கின்றனர். கைல்ஸ் பத்திரத்தைத் தேடி எடுத்துப் படிக்கிறான். சிறு தொகை செலுத்தி முன்னமே குத்தகையை நீடித்திருக்கலாம் என்பது அதில் தெளிவாக உள்ளது. காலம் பிந்தி அவன் வேண்டியபோது அம்மையார் மறுத்துவிட்டார். ஏன்? முன்பொரு நாள், ஒடுங்கிய பாதையில், மரம் ஏற்றிய அவன் வண்டி அவருடைய வண்டிக்கு வழிவிட்டுப் பின்வாங்கவில்லை. வீடிழந்தவனுக்குப் பெண் கொடுக்க அவள் தந்தை விரும்பவில்லை. இறுதியில் அவன் தன் குடிசையை அப்பெண்ணுக்கு அடைக்கலமாக ஈந்து, தான் வெளியே மழையிற் கிடந்து மாள்கிறான். முதற்பத்திரத்திலிருந்து கடைசி மழை வரை ஒவ்வொரு படியிலும் மனிதர் செய்த ஏற்பாடுகளே நிற்கின்றன.

'ரெஸ்' (1891) இதைவிடத் தெளிவு. தகப்பன் இறக்கிறான். அவனே பத்திரத்திலுள்ள மூன்றாவது ஆயுள். அந்த வீட்டைத் தன் கூலியாட்களுக்காக நெடுநாளாக விரும்பியிருந்த கமக்காரர், குடும்பத்தை வெளியேற்றுகிறார். வசந்தகாலக் குத்தகை நாளில் மாகாணம் முழுவதும் வண்டிகளிற் தட்டுமுட்டுச் சாமான்களோடு இடம்பெயரும்போது, தாயும் சிறுபிள்ளைகளும் தங்க இடமின்றித் தேவாலயச் சுவரோரம், தம் பிரபுவம்சத்து முன்னோரின் கல்லறைகளின் அருகே, கட்டிலைப் போட்டுப் படுக்கின்றனர். அந்த இரவின் விலைதான் ரெஸ். அலெக் மீண்டும் அவளை வாங்குகிறான். காணாமற்போன கடிதம் அவள் கணவனைப் பிரித்தது உண்மை. அவளை அலெக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது குத்தகை.

பிளின்ற்கோம் ஆஷ் பண்ணையிற் சூடடிக்கும் இயந்திரத்தின் மேல் நின்று அவள் கதிர்க்கட்டுகளை அவிழ்த்துக் கொடுக்கும் பக்கங்களை நமது வாசகர் மறந்திருக்கமாட்டார். நீராவியும் புகையுமாக ஊர் ஊராய் வரும் இயந்திரக்காரன் நிலத்தோடு எந்த உறவுமற்றவன். அவனுடைய வேகத்துக்கே பெண்களின் கைகள் இயங்கவேண்டும்.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சனமும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று. ஆர்னல்ட் கெற்றில் 1950களில் எழுதிய நாவல் அறிமுக நூலில், ஆங்கில விவசாயி வர்க்கத்தின் அழிவே 'ரெஸ்' கூறும் செய்தி என்றார். விதிவாதத்தை உடைத்ததில் அவர் பணி பெரிது. ஆயினும் ஹார்டியின் டோர்செற்றில் சொந்த நிலம் உழுத விவசாயி வர்க்கம் முன்னமே மறைந்துவிட்டது. நிலப்பிரபு, குத்தகைக் கமக்காரர், கூலியாள் என்னும் முதலாளித்துவ அமைப்பு நெடுங்காலமாக ஊன்றியிருந்தது என்று றேமண்ட் வில்லியம்ஸ் பின்னர் எடுத்துக்காட்டினார். வில்லியம்ஸ் சொல்வதே சரி. ரெஸ்ஸின் குடும்பம் கமக்காரக் குடும்பமன்று. தகப்பன் குதிரைவண்டியிற் பொருள் கொண்டு திரியும் சில்லறை வியாபாரி. தச்சன், கொல்லன், சப்பாத்துத் தைப்பவன் ஆகியோர் அடங்கிய இடைநிலைக் கைத்தொழிலாளர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். கமக்காரருக்குப் பயன்படாத அக்கூட்டத்தின் வீடுகள் குத்தகை முடிய முடிய இடித்துத் தள்ளப்பட்டன. ஹார்டியின் கூட்டமும் அதுவே. சூத்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக வர்க்கத்தின் பெயரைப் பிழையாக எழுதிவிடக்கூடாது.

1883இல் அவர் எழுதிய டோர்செற் கூலியாட்கள் பற்றிய கட்டுரையும் இதையே நாவலின் முகமூடியின்றிப் பேசுகிறது. யோசப் ஆர்ச்சின் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளர்ச்சியால் மாகாணமெங்கும் வாரக் கூலி சராசரி மூன்று ஷில்லிங் உயர்ந்தது என்று அதிற் குறிக்கிறார். ஆண்டுதோறும் இடம்பெயர்வதாற் கூலியாள் பழைய பாட்டையும் பழக்கத்தையும் இழந்தான், ஆனால் சுதந்திரம் பெற்றான். கண்டு களிக்க வருவோரின் இன்பத்துக்காக அவன் பழமையிலேயே தேங்கி நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்கிறார். 'மண்வாசனை' என்ற சொல்லை நம்மவர் அறுபதுகளிலிருந்து மிகுதியாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பேச்சுவழக்கையும் பனைமரத்தையும் சேர்த்துவிட்டால் மண் மணக்கும் என்று எண்ணியோரும் உளர். பிரதேச நாவலாசிரியர் எனப் பெயர்பெற்ற ஹார்டிக்கு அந்த மண்ணின் வாரக் கூலி எவ்வளவு, பத்திரத்தில் எழுதிய பெயர்கள் யாருடையவை என்பவை தெரிந்திருந்தன.

அவருடைய குறைகளை மறைப்பது நமக்கு அழகன்று. 1885இல் டோர்செஸ்ரர் அருகே தாமே வரைந்து, தந்தையின் தொழிலை நடத்திய தம்பி ஹென்றியைக் கொண்டு கட்டுவித்த 'மாக்ஸ் கேற்' என்னும் செங்கல் மாளிகை, வெற்றிபெற்ற நடுத்தர வர்க்கத்தானின் சாதாரண வீடு. களஞ்சியத்தைப் பாடிய கை வரைந்தது என்று நம்புவது கடினம். சுற்றிலும் மரங்களை நெருக்கமாக நட்டு உலகை வெளியே நிறுத்தினார். முதுமையிற் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்தார். இரண்டாம் மனைவியின் பெயரில் வெளிவருமாறு தம் சரித்திரத்தைத் தாமே எழுதியபோது, பணிப்பெண்களும் கூலியாட்களுமான உறவினரைப் பெரும்பாலும் அதில் விட்டுவிட்டார். ரெஸ்ஸை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் தம் இரத்த உறவுகளை அறிமுகப்படுத்தக் கூசினார். 1928 ஜனவரியில் அவர் இறந்தபோது இதயம் ஸ்ரின்ஸ்பேட் ஊர் இடுகாட்டில் உறவினர் அருகே புதைக்கப்பட்டது; சாம்பல் வெஸ்ற்மினிஸ்ரர் மடாலயத்துக்குச் சென்றது. அங்கே பிரதமர் போல்ட்வினோடு ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிரண்டின் பிரதிநிதிகளும் உடன் ஏந்திச் சென்றனர்.

அக்கல்லூரிகளைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்பதை அவர்கள் படித்திருப்பர். 1895இல் வெளிவந்த 'ஜூட்' நாவலின் கதாநாயகன் கற்றச்சன். கிறைஸ்ற்மின்ஸ்ரர் என்ற கற்பனைப் பெயரில் வரும் ஒக்ஸ்போட்டின் சிதைந்த கல்லூரிச் சுவர்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். உள்ளே நுழைந்து கற்பது அவன் கனவு. கல்லூரித் தலைவரொருவர் அவனுக்கு எழுதிய சிறு கடிதத்தில், உன் தொழிலோடு நின்றுகொள்வதே உனக்கு நல்லது என்கிறார். இந்த நாவலில் ஒரு கணம் உண்டு. கல் கொத்தும் களத்தில் நிற்கும் ஜூட்டுக்கு, இங்கே நடைபெறும் உழைப்பு கல்லூரிக்குள் நடைபெறும் கல்விக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்ற ஞானம் திடீரெனப் பிறக்கிறது. அடுத்த கணமே பழைய ஆசை அதை மூடிவிடுகிறது. ஹார்டியின் முழு வாழ்வையும் அந்த இரு கணங்களில் அடக்கிவிடலாம். பின்னர் ஜூட்டும் சூவும் ஒரு தேவாலயத்திற் பத்துக் கட்டளைகளுக்குப் புது வர்ணம் தீட்டும்போது, அவர்கள் மணமாகாதவர்கள் என்று ஊரார் முணுமுணுக்க, அந்த வேலையும் பறிபோகிறது.

நாவலைத் தீயில் எறிந்தேன் என்று வேக்பீல்ட் பிஷப் பத்திரிகைக்கு எழுதினார். ஹார்டி அதன்பின் புதிய நாவல் எழுதவில்லை, கவிதைக்குத் திரும்பினார். 1899இல் ஒக்ஸ்போட்டிற் தொழிலாளருக்காக றஸ்கின் கல்லூரி தோன்றியபோது அதற்கு ஜூட்டின் பெயரையே இட்டிருக்கலாம் என்று சிலர் கூறியதை 1912இல் எழுதிய பின்னுரையில் அவர் குறிப்பிடுகிறார்; அதில் ஒரு மகிழ்ச்சி தெரிகிறது.

ஜூட்டுக்கு அக்கல்லூரி பிந்திவிட்டது. கல்தூசியும் குளிரும் அவன் உடலைக் கெடுத்தன. உளி பிடிக்க முடியாமற் போயிற்று. அவன் தன் உறவினரிடம் பழகிய பழைய தொழிலுக்குத் திரும்பி இஞ்சிரொட்டி சுட்டான். ரொட்டிகளை யன்னல், கோபுரம், தூண் வரிசை என்று கிறைஸ்ற்மின்ஸ்ரர் கல்லூரிகளின் வடிவில் வார்த்தான். சூ அவற்றைச் சந்தையில் ஒரு தட்டியின் கீழ் வைத்து விற்றாள்.